வியாழன் வெள்ளைப் பொட்டாக விழுவது ஏன்?

டெலஸ்கோப்பில் போனை வைத்து வியாழன் கோளைப் படமெடுப்பதாகச் சொல்கிறீர்கள். பழுது உங்கள் டெலஸ்கோப்பின் 6 இஞ்ச் கண்ணாடியில் இல்லை. போன் வெளிச்சத்தை அளவுக்கு மீறி வாங்குகிறது. நிலா நன்றாக விழுந்து வியாழன் மட்டும் மேகப் பட்டையே இல்லாத வெள்ளைப் பொட்டாக வருகிறது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். நிலா திரையை நிறைக்கும், போன் சரியாக அளந்துகொள்ளும். வியாழனைச் சுற்றி இருட்டுதான், அதனால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது.

பழைய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தில் வரிசையாக நிற்கும் வியாழனின் நிலாக்கள் பளிச்சென்று தெரிந்தால் நான் சொல்வது உறுதி.

1. போன் கேமராவின் புரோ மோடில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, ஷட்டர் (வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/60 நொடி வைத்துத் தொடங்குங்கள். நிலாக்கள் மங்கி, இரண்டு பழுப்புப் பட்டைகள் தெரியும்வரை ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள்.

2. போட்டோ வேண்டாம், வீடியோ எடுங்கள். இரண்டு நிமிடம் போதும். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், நீண்டால் பட்டைகளில் உள்ள நுணுக்கங்கள் இழுபடும். பிறகு வீடியோவின் நல்ல பிரேம்களைத் தேர்ந்து ஒரே படமாக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் போட்டு அடுக்குங்கள்.

நீங்கள் இருப்பது கடலோர ஊரான மண்டபம் என்பதால் இன்னொன்று. ஒரு மணி நேரம் வெளியே வைத்த டெலஸ்கோப் குழாயை விரலால் வழித்து நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்பு ஐபீஸிலும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) படியும். தயவுசெய்து கைலி நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள்.

மொட்டை மாடியைவிட மணல் தரை நல்லது. காங்கிரீட் இரவெல்லாம் சூட்டைக் கக்கும், அதில் படம் ஆடும். 9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறோம், கோள்கள் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே வரும். அப்போது எடுங்கள். உச்சி வானத்து நட்சத்திரமே துடிக்கும் இரவில் மட்டும் எந்த அமைப்பும் உதவாது.