நான்கு மாணவர்கள், நான்கு ஓபராக்கள், ஒரே மாலை

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழக இசைத்துறையில் குரலிசை கற்றுக்கொடுக்கிறேன். இசையமைப்பு படிக்கும் நான்கு மாணவர்கள் ஆளுக்கொரு குட்டி ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம், எழுதப் போகிறார்கள். ஒவ்வொன்றும் இருபது நிமிடம். நான்கையும் ஒரே மாலையில் மேடையேற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் ஆறு மாதம்; பணம் சொற்பம். ஒரு மாணவி முழு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். இன்னொருவனுக்குக் கதையே இன்னும் அகப்படவில்லை. பாடும் மாணவர்களோ புது இசை பாடினால் குரல் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். சக ஆசிரியர் ஒருவர், "இந்தத் தலைவலி எதற்கு? எல்லோருக்கும் தெரிந்த பழைய ஓபரா ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார். நான் எங்கே தொடங்குவது?

பதில்: உங்கள் சக ஆசிரியர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பழைய ஓபராவில் எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்த வரியில் வாத்தியம் குரலை அமுக்கும் என்பதெல்லாம் பலரும் பாடிப் பாடித் தெரிந்துகொண்ட சங்கதி. ஒலிப்பதிவைக் கேட்டாலே பாதி பாடம் ஆகிவிடும். ஆனாலும் புதியதையே போடுங்கள். தான் எழுதிய வரியை இன்னொருவர் மூச்சைப் பிடித்துப் பாடக் கேட்பதைவிடப் பெரிய பாடம் இசையமைக்கப் படிக்கிற ஒருவருக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காது. கணினியில் எழுதினால் அது எந்த ஸ்வரத்தையும் அலுக்காமல் வாசித்துக் காட்டும். அதற்கு மூச்சும் வாங்காது, தொண்டையும் வறளாது. அந்த வசதியிலேயே பழகிய மாணவர்கள் இன்று ஏராளம். பாடுகிறவர்களுக்கும் இது அரிய வாய்ப்பு. இதற்கு முன் யாரும் பாடாத பாத்திரம், யாரோடும் ஒப்பிட வழியில்லாத பாத்திரம் அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

பல்கலைக்கழகத்தில் புது ஓபரா என்பது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை அல்ல. 1767-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் நாடகம் போட்டார்கள். அதன் அங்கங்களுக்கு நடுவே பாடுவதற்கென்றே ஓர் ஓபரா எழுதப்பட்டது. ஓபராவின் நூலை, அதாவது பாடுவதற்கான கதை வரிகளை, எழுதியவர் அங்கே கற்பித்த பாதிரியார், பாடியவர்கள் மாணவர்கள். இசையமைத்த மொசார்ட்டுக்கு அப்போது வயது 11. பின்னாளில் அமெரிக்க இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைனின் 'டிரபிள் இன் தஹிதி' ஓபரா 1952-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில்தான் முதலில் அரங்கேறியது. இன்னொரு இசையமைப்பாளர் மெனோட்டியின் 'தி மீடியம்' 1946-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, அடுத்த வருடமே நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போனது. அதில் பாடுபவர்கள் ஐந்தே பேர். வாயே திறக்காத பாத்திரம் ஒன்று. சக ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, கதை அகப்படாத மாணவரிடமிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் மற்றதெல்லாம் நூலுக்காகக் காத்திருக்கும். இருபது நிமிடத்தில் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல முடியாது. ஒரே இடம், தொடர்ந்து நடக்கும் ஒரே சம்பவம், இரண்டு மூன்று பேர். அவ்வளவுதான் தாங்கும். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'எ ஹேண்ட் ஆஃப் பிரிட்ஜ்' ஓபரா சுமார் ஒன்பது நிமிடம்தான். நான்கு பேர் சீட்டாடுகிறார்கள். ஆட்டத்துக்கு நடுவே ஒவ்வொருவரும் தன் மனதில் ஓடுவதைப் பாடுகிறார்கள். ஆட்டம் வெளியே, ஆசையும் ஏக்கமும் உள்ளே. பார்க்கிறவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. மாணவருக்கு இதைக் காட்டுங்கள், ஆனால் இதைப் போலவே எழுதச் சொல்லாதீர்கள்.

அளவு தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நூலை வாய்விட்டு நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க ஏழு நிமிடத்துக்கு மேல் ஆனால் நூல் நீளம். பாடும்போது சொற்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். வாத்தியம் தனியே ஒலிக்கும் இடங்கள் வேறு இருக்கின்றன. அப்புறம், சிறுகதையையோ கவிதையையோ எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு ஸ்வரம் எழுதுவதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கட்டும். எழுதி முடித்த பிறகு கேட்டு, மறுப்பு வந்தால் அந்த உழைப்பு மேடையே ஏறாது.

குரல் கெட்டுவிடும் என்ற பயத்தை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது வயதுக் குரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குரல். ஆனால் இசை புதியது என்பதற்காக எந்தக் குரலும் கெடுவதில்லை. வெகுநேரம் மேல் ஸ்தாயியிலேயே நிற்க வைத்தால் கெடும். வாத்தியங்களோடு போட்டி போட்டுக் கத்த வைத்தால் கெடும். எல்லா ஒத்திகையிலும் முழுக்குரலில் பாட வைத்தால் கெடும். மூன்றையும் உங்களால் தடுக்க முடியும். இசையமைப்பவர் தன் பாடகரோடு ஒரு மணி நேரமாவது தனியே உட்கார வேண்டும். "உன்னால் எட்ட முடிந்த உச்ச ஸ்வரம் எது" என்று கேட்டால் போதாது. எந்த இடத்தில் கால் மணி நேரம் களைக்காமல் பாட முடியும், எந்த ஸ்வரத்தில் குரல் உடைகிறது, மெல்லப் பாடச் சொன்னால் எங்கே தடுமாறுகிறது என்று பாட வைத்தே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புக்குத்தான் இசை எழுத வேண்டும். இசைத்துறைகளில் பெரும்பாலும் சோப்ரானோக்கள் (உயர்ந்த பெண்குரல்கள்) நிறைய, டெனர்கள் (உயர்ந்த ஆண்குரல்கள்) அபூர்வம். இல்லாத டெனருக்கு நாயகன் பாத்திரம் எழுதிவிட்டு அப்புறம் தேடி அலைய வேண்டாம்.

இதோடு சேர்த்து மாணவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். பெண்குரல் 700 ஹெர்ட்ஸை (வினாடிக்கு 700 அதிர்வு) தாண்டி மேலே போகப் போக உயிரெழுத்துகளின் வித்தியாசம் மங்கிவிடும். இ, உ, எ எல்லாமே ஆகாரம் போலக் கேட்கும். பாடகியின் உச்சரிப்பில் கோளாறு இல்லை. அந்த உயரத்தில் ஒலி வர வாயை அகலத் திறந்தே ஆக வேண்டும், தனித்தனி உயிரெழுத்தைக் காட்டும் அதிர்வுகளைவிடப் பாடும் ஸ்வரமே மேலே போய்விடுகிறது. அதனால் கதைக்கு உயிரான சொல்லை உச்ச ஸ்வரத்தில் வைக்கக் கூடாது. "கடிதத்தை எரித்துவிட்டேன்" என்பது நடு ஸ்தாயியில் தெளிவாக விழட்டும். அதற்குப் பிறகு வரும் அலறல் எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

முழு ஆர்க்கெஸ்ட்ரா கேட்கும் மாணவிக்கு முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பணத்தை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். பயிற்சி முதிர்ந்த குரலில், ஆண்குரலில் குறிப்பாக, 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை சேர்ந்திருக்கும். ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் அதைவிட வெகு கீழேயே இருப்பதால், மைக் இல்லாமலேயே அந்தக் குரல் வாத்தியங்களைத் தாண்டிக் கேட்கிறது. அந்தக் கூர்மை வர வருடங்கள் ஆகும். உங்கள் மாணவர்கள் பலருக்கு அது இன்னும் வந்திருக்காது. அவர்களுக்கு முன்னால் நாற்பது வாத்தியத்தை வைத்தால், எழுதிய நூலில் பாதி காதில் விழாது. பெரிய கைகளே சிறிய குழுவுக்கு எழுதியிருக்கின்றன என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1954-இல் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வை 13 வாத்தியக்காரர்களுக்குத்தான் எழுதினார். அது முழுநீள ஓபரா.

என் யோசனை, நான்கு ஓபராவுக்கும் ஒரே குழு. புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ, தாளவாத்தியம் என்று ஆறு பேர் போதும். ஒரே ஆறு பேரை வைத்து நான்கு பேர் நான்கு விதமாக எழுதிக் காட்டுவது இசையமைப்பு மாணவர்களுக்கு அருமையான பயிற்சி. வாத்தியக்காரர்களும் ஓபராவுக்கு ஓபரா மாற வேண்டியதில்லை.

இந்த ஆறு மாதத்தில் உங்கள் கவனம் எல்லாவற்றையும்விட அதிகமாகப் போக வேண்டியது ஒரு நாளின் மேல். மேடை, விளக்கு, உடை எதுவும் இல்லாமல், பியானோவும் குரலும் மட்டும் வைத்து, எழுதியவரையில் பாடிப் பார்க்கும் நாள். இரண்டாவது மாதம் முடிவதற்குள் அதை நடத்திவிடுங்கள். "இன்னும் முடியவில்லை" என்று நான்கு பேரும் சொல்வார்கள். பாதி எழுதியிருந்தாலும் பாடுங்கள். முடித்த பிறகு பாடிப் பார்த்தால், திருத்த மனமும் வராது, நேரமும் இருக்காது. பியானோவை இசையமைத்தவர் வாசிக்கக் கூடாது. வேறு ஒருவர் வாசிக்கட்டும், எழுதியவர் ஸ்கோரும் (எழுதிய இசைப் பிரதி) பென்சிலுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். தன் இசையைத் தானே வாசிக்கும்போது, பாடகருக்காக அறியாமலேயே அங்கே கொஞ்சம் காத்திருப்பார், இங்கே கொஞ்சம் மெதுவாக்குவார். பிழை மறைந்துவிடும்.

அன்றே நடித்தும் பாருங்கள். ஸ்கோரில் இப்படி இருக்கும்: நாயகி ஜன்னலிலிருந்து மேஜைக்கு வருகிறாள், கடிதத்தை எடுக்கிறாள், உறையைக் கிழிக்கிறாள், படிக்கிறாள், முகம் மாறுகிறது. இதற்கு இசை இரண்டே தாளச் சுற்று. நிமிடத்துக்கு 60 தாள அடி என்ற வேகத்தில், நான்கடித் தாளத்தில், அது எட்டே வினாடி. ஒரு மாணவியை எழுந்து நடந்து உண்மையிலேயே ஓர் உறையைக் கிழிக்கச் சொல்லுங்கள். அவர் மேஜைக்கு வந்து சேரும்போதே இசை முடிந்திருக்கும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க ஒரு பருவம் முழுக்க ஆகும். பார்த்தால் அந்த எட்டு வினாடியிலேயே புரிந்துவிடும்.

மூன்றாவது மாத முடிவில் குரலும் பியானோவுமான ஸ்கோரை மூடிவிடுங்கள். அதன் பிறகு வெட்டலாம், சேர்க்கக் கூடாது. ஒரு வரியைப் பாடகருக்காகக் கீழே இறக்கலாம், புது வரி எழுதக் கூடாது. இது கறாராக இருக்கட்டும். பாடகர் மனப்பாடம் செய்த வரியை மாற்றினால் பழைய வரியை முதலில் மறக்க வேண்டும், மேடைப் பதற்றத்தில் வாயில் வருவது அந்தப் பழைய வரிதான். வாத்தியங்களுக்கான பகுதிகளை அடுத்த மாதம் முழுக்க எழுதிக்கொள்ளட்டும். அந்த மாதம் பாடகர்களுக்கு மனப்பாடம், ஐந்தாவது மாதம் நடிப்பு ஒத்திகை, கடைசி மாதம் வாத்தியக் குழுவும் விளக்கும். நடிப்பு ஒத்திகையில் பாதிக்குரலில் பாட அனுமதியுங்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று வைக்காதீர்கள், கூச்சப்பட்டுக் கேட்காமலே இருந்துவிடுவார்கள்.

இசையமைத்தவர் ஒத்திகைக்கு வரலாம், வர வேண்டும். ஆனால் நடுவில் குறுக்கிட்டுப் பாடகரைத் திருத்தக் கூடாது. சொல்ல வேண்டியதை எழுதிவைத்து முடிந்த பிறகு இசையை வழிநடத்தும் கண்டக்டரிடமோ இயக்குநரிடமோ சொல்லட்டும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் பாவம், பாடகர் யார் பேச்சைக் கேட்பார்?

பணத்தில் முதல் பங்கு ஒத்திகைப் பியானோ வாசிப்பவருக்கு. அங்கே சிக்கனம் பார்த்தால் எல்லாமே தள்ளாடும். மேடைக்கு ஒரு மேஜை, நான்கைந்து நாற்காலி, பின்னால் ஒரு வெள்ளைத் திரை போதும். நான்கு ஓபராவுக்கும் அவையே இடம் மாறட்டும். திரையில் பாடல் வரிகளைக் காட்டுங்கள். பாடுவது பார்வையாளரின் சொந்த மொழியே ஆனாலும் காட்டுங்கள், முதல்முறை கேட்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. மேடை மேலாளராக இசை படிக்கத் தெரிந்த ஒருவரைப் போடுங்கள். விளக்கு எந்தத் தாளச் சுற்றில் மாற வேண்டும் என்று ஸ்கோரிலேயே குறித்து வைத்து, இசையைத் தொடர்ந்துகொண்டே சைகை கொடுக்க வேண்டியவர் அவர்.

ஆறு மாதத்தில் யாராவது ஒருவருடையது முடியாமல் போகலாம். அதற்காக அவரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். முடிந்த காட்சியை மட்டும் ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு, பியானோவோடு நின்று பாடட்டும். நிகழ்ச்சித்தாளில் "ஒரு காட்சி" என்று போட்டால் போதும். பாதிக் காட்சியைப் பார்வையாளர் நடுவே கேட்டுவிட்டால், மீதியை எழுதி முடிக்கும் வேகம் தானே வரும்.

ஒலிஒளிப்பதிவுக்குப் பாடகர், வாத்தியக்காரர், நூலாசிரியர் எல்லோரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரம் கழித்து, எழுதியவர்களும் பாடியவர்களும் ஒரே அறையில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கட்டும். எங்கே மூச்சு போதவில்லை, எங்கே சொல் விழவில்லை என்று பாடியவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவர்கள் குறித்துக்கொள்ளட்டும். திருத்திய ஸ்கோரில் ஒரு பிரதியைத் துறை நூலகத்தில் வையுங்கள், அடுத்த வருடம் எழுத வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.