பறக்கும் வேலை, இருக்கும் வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். வயது 32. பொறியியல் முடித்ததும் விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 200 மணி நேரம் பறந்து, 2019 இறுதியில் வணிக விமானி உரிமம் பெற்றேன். விண்ணப்பங்கள் போட ஆரம்பித்தபோது கொரோனா வந்துவிட்டது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் டெஸ்டிங் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தேன். இப்போது திருமணமாகி இரண்டு வயதில் மகன் இருக்கிறான். மனைவி இங்கே ஒரு தனியார் வங்கியில் பணிபுரிகிறாள்.

என்னோடு பயிற்சி பெற்றவர்கள் சிலர் இப்போது ஏ320 ரகப் பயணிகள் விமானம் ஓட்டுகிறார்கள். குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சியை என் செலவில் முடித்துவிட்டால் வேலை கிடைப்பது எளிது என்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய 20 லட்சம் வேண்டும். ஊரிலுள்ள ஒரு ஏக்கர் தோட்டத்தை விற்றுத் தருகிறேன் என்று அப்பா சொல்கிறார். மனைவியிடம் கேட்டால் ‘உங்க இஷ்டம்’ என்கிறாள். மாதச் சம்பளத்தையும் சனி, ஞாயிறு விடுமுறையையும் விட்டுவிட்டு இந்த வயதில் போகலாமா? மாரத்தஹள்ளி பக்கம் எச்.ஏ.எல். ஓடுதளத்திலிருந்து ஏதாவது மேலெழும்பினால் பைக்கை ஓரம் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் அலுவலகம் போகிறேன். நீங்கள் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘உங்க இஷ்டம்’ என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு விலை பேசப் போய்விடாதீர்கள். நம் வீடுகளில் அந்தப் பதில், பேச்சை மேற்கொண்டு வளர்க்க விருப்பமில்லாதபோது வரும். அல்லது எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்பதே தெரியாதபோது வரும். உங்கள் மனைவியின் நிலை இரண்டாவதாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், விமானியின் வேலை வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களே இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்று உங்கள் கடிதம் காட்டுகிறது.

நான் விமானம் ஓட்டியவன் அல்லன். எந்த விமானி எந்த நாளில் எங்கே போவது என்று ரோஸ்டர் போடும் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தவன். ஆகவே வானத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ரோஸ்டரைப் பற்றிச் சொல்ல முடியும்.

சாதாரணமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5.30 மணிக்குப் பெங்களூருவிலிருந்து கொச்சி, அங்கிருந்து திரும்பிப் பெங்களூரு, பிறகு ஹைதராபாத், மறுபடியும் பெங்களூரு என்று நான்கு செக்டர். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாவது ரிப்போர்ட் செய்து, மது அருந்தவில்லை என்று கருவியில் ஊதிக் காட்டி, வானிலையும் எரிபொருளும் பார்க்க வேண்டும் என்பதால், ஒயிட்ஃபீல்டிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகும் வண்டி மூன்று மணிக்கு உங்கள் வாசலில் வந்து நிற்கும். அதற்கு இரண்டேகாலுக்கு எழ வேண்டும். அப்படி எழ வேண்டுமென்றால் முந்தைய மாலை ஏழு மணிக்கே படுத்தாக வேண்டும். இரண்டு வயதுப் பையன் ஓடியாடுகிற அடுக்குமாடி வீட்டில் மாலை ஏழு மணிக்குத் தூங்குவது எப்படி என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. பகல் இரண்டு மணிவாக்கில் நீங்கள் களைத்துத் திரும்பும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவர்கள் வரும் நேரத்தில் நீங்கள் அடுத்த நாளுக்காகப் படுக்கப் போவீர்கள். இது எல்லாம் சரியாக நடக்கும் நாள். டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளியில் விடியற்காலை மூடுபனி இறங்கிவிட்டால் முதல் செக்டரே தாமதமாகும், கடைசி செக்டருக்கு உங்கள் பணிநேர வரம்பு போதாமல் போகும், ஸ்டாண்ட்பையில் இருக்கும் இன்னொருவரைக் கூப்பிடுவார்கள். அடுத்த வாரம் அந்த இன்னொருவர் நீங்களாக இருப்பீர்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஸ்டாண்ட்பைதான் புரிவதில்லை. சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு வீட்டில்தான் இருப்பீர்கள். ஆனால் மனைவி உங்களை நம்பிக் குழந்தையை விட்டுவிட்டு வங்கிக்குப் போக முடியாது, ஏனென்றால் தொலைபேசி எந்த நிமிடத்திலும் அடிக்கலாம். என் மேசைக்கு வந்த கோபங்களில் பெரும்பகுதி நீண்ட பறத்தலைப் பற்றியவை அல்ல, மகனின் பிறந்தநாளன்று மாலை நான்கு மணிக்கு வந்த அழைப்பைப் பற்றியவை.

விதிகள் முன்பைவிட இப்போது விமானிக்குச் சாதகமானவை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வெளியிட்ட திருத்தத்தின்படி, தொடர்ச்சியான வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்து, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது; நவம்பரில் இரவுத் தரையிறக்கங்கள் இரண்டுக்கு மேல் கூடாது என்று ஆனது. அதற்கேற்ற ஆள்பலம் இல்லாமல்தான் டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான சேவைகள் ரத்தாயின. இரவுப் பணி விதிகள் சிலவற்றிலிருந்து அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் தரப்பட்டது. ஆகவே விமானிகள் தேவைப்படுகிறார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மைதான். நெருக்கடி வந்தால் ஓய்வு விதியின் கதி என்ன ஆகும் என்பதும் அதே டிசம்பரில் தெரிந்தது. தவிர, அந்த 48 மணி நேரம் செவ்வாயும் புதனுமாக வரலாம். உங்கள் மனைவிக்கு ஞாயிறுதான் விடுமுறை.

பணத்துக்கு வருவோம். மென்பொருளிலும் ஆட்குறைப்பு உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் ஒரு நிறுவனம் பத்துப் பேரை நிறுத்தினால் அவர்களுக்கு நகரத்தில் நூறு கதவுகள் இருக்கின்றன. விமான நிறுவனம் விழுந்தால் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே வாரத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் வாசலில் நிற்பார்கள். பெங்களூருவில் பதிவு அலுவலகம் வைத்திருந்த கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். முதல் இரண்டிலும் நிறுத்துவதற்கு முன்பே மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. 2020 மார்ச் இறுதியில் உள்நாட்டு விமானங்கள் முழுவதும் நின்றபோது என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, சம்பளத்தின் ஒரு பகுதி பறந்த மணிநேரத்தைப் பொறுத்தது. நண்பர்கள் சொல்லும் தொகை நன்றாகப் பறந்த மாதத்தின் தொகை.

அதைவிடப் பெரிய நிச்சயமின்மை உடம்பில் இருக்கிறது. டெஸ்டருக்குச் சர்க்கரை நோய் வந்தால் அலுவலகக் காப்பியில் சர்க்கரையை நிறுத்திக்கொள்வார், விமானி இன்சுலின் போடும் நிலைக்கு வந்தால் வேலையே போகலாம். சிறுநீரகக் கல் கண்டுபிடிக்கப்பட்டால்கூட அது சரியாகும்வரை தரையில் உட்கார வேண்டியதுதான். கிளாஸ் ஒன் மருத்துவச் சான்றைக் காலந்தோறும் புதுப்பித்தால்தான் உரிமத்துக்கு மதிப்பு. விபத்தை நினைத்து உங்கள் வீட்டில் யாராவது பயந்தால் ஆறுதல் சொல்லுங்கள். நீங்களும் அவர்களும் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றி.

இத்தனையும் சொன்னபின் போகாதீர்கள் என்று முடிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். முயன்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் தகுதியில்லாமல் வெளியே நின்றவர் அல்லர், காலம் தவறி வந்து நின்றவர். வணிக விமானத்தில் 65 வயது வரை பறக்கலாம் என்பதால் 32 தாமதமும் அல்ல, விமானத்துக்குத் தலைமை விமானியாகத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும், ஆண்டு வரம்பு 1000 மணி நேரம், நடைமுறையில் அதற்கும் குறைவாகவே கிடைக்கும், ஆகவே எல்லாம் கூடிவந்தால் நாற்பதை ஒட்டிக் கமாண்டர் ஆகலாம். ஆனால் டைப் ரேட்டிங்கை உங்கள் செலவில் முன்கூட்டியே முடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது ஒரே ஒரு வகை விமானத்துக்கான தகுதி. வேலை கிடைக்காமல் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்பு குறையும், பிறகு அதைப் புதுப்பிக்க மறுபடியும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். 20 லட்சம் கட்டி முடித்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்த பிள்ளைகள் பலரின் விண்ணப்பங்கள் என் காலத்தில் அலுவலகத்தில் கிடந்தன.

முதலில் மருத்துவப் பரிசோதனை. நீங்கள் பைக்கை ஓரம் கட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, விமானபுராவில் இருக்கும் விமானப்படை நிறுவனத்தில் அது நடக்கிறது. அதில் தேறினால், நெடுநாள் பறக்காமல் இருந்ததற்காகக் கேட்கப்படும் பறத்தலையும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் சோதனையையும் முடியுங்கள். இதற்கு ஆகும் செலவு உங்கள் சேமிப்புக்குள் அடங்கும். அடுத்து, விமான நிறுவனங்களின் எழுத்துத் தேர்வும் சிமுலேட்டர் சோதனையும். இவ்வளவும் இப்போதைய வேலையை விடாமலே செய்யக்கூடியவை. தேர்வாகி நியமனக் கடிதம் கைக்கு வந்தபின் டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டுவது வேறு விஷயம்.

இதற்கிடையே ஒரு நண்பரிடம் அவருடைய சென்ற மூன்று மாத ரோஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் முதலில் வெளியிட்டதையும், கடைசியில் அவர் உண்மையில் பறந்ததையும் சேர்த்து வாங்குங்கள்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மனைவி பார்க்க வேண்டியது. அதை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து, காலாண்டு முடிவில் அவர் வங்கியிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு வரும் நாட்களில் பையனைக் காப்பகத்திலிருந்து யார் அழைத்து வருவது, அவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது என்று நாள் நாளாகப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அவர் பெயரே வருமானால், நீங்கள் இருவரும் பேச வேண்டியது உங்கள் வேலையைப் பற்றி அல்ல, அவருடைய வேலையைப் பற்றி. அம்மா ஊரிலிருந்து வந்து இருந்துகொள்வார் என்று அவரைக் கேட்காமலே கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தோட்டத்தை விற்க வேண்டாம். கோபி பக்கம் வாய்க்கால் பாய்கிற நிலம் கைவிட்டுப் போனால் திரும்ப வராது என்பது உங்கள் அப்பாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் தருகிறேன் என்கிறார் என்பதாலேயே நீங்கள் வாங்கக் கூடாது. நியமனம் உறுதியானால் உங்கள் இருவர் சம்பளச் சான்றின் பேரில் வங்கிக் கடன் வாங்க முடியுமா என்று உங்கள் மனைவியே விசாரித்துச் சொல்லிவிடுவார். அந்தக் கட்டத்தில் பாண்ட் பத்திரம் ஒன்று வரும். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு தொகை, மருத்துவக் காரணத்தால் பறக்க முடியாமல் போனாலும் அந்தத் தொகை உண்டா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இணை விமானி விலகுவதற்கு 6 மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பது 2017இல் டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதி, அதையும் நினைவில் வையுங்கள். பத்திரத்தை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.