பழைய ஹாலிவுட் படம் பார்த்தே பொழுது போக்கும் மகள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

ஐயா,

உங்கள் மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் இருந்தன. பிளஸ் டூ முடிக்கப்போகும் மகள் 1930-கள், 40-களில் வந்த அமெரிக்கப் படங்களையே ராத்திரி பகலாகப் பார்க்கிறாள். அதையே படிப்பாக எடுத்தால் சோறு போடுமா என்பது ஒன்று. அமெரிக்காவுக்கு அனுப்ப வீட்டை அடமானம் வைக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சுலபம்: இப்போது வேண்டாம். முதல் கேள்வியைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

பழைய ஹாலிவுட் என்பது ஒரு தொழிற்சாலை. எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்கேஓ என்ற ஐந்து பெரிய ஸ்டுடியோக்கள் நடிகர், இயக்குநர் தொடங்கி எடிட்டர், உடை தைப்பவர் வரை எல்லோரையும் சம்பளத்தில் வைத்திருந்தன. படம் ஓடும் தியேட்டர்களும் அவற்றின் கையில்தான். 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, தியேட்டர்களைக் கைவிட நேர்ந்த பிறகுதான் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. ஒரே ஆள் ஒரே வேலையை வருஷக்கணக்கில் செய்ததால் ஒவ்வொரு துறையிலும் கை நன்றாகத் தேறியது. அதனால் மகளிடம் "சினிமாவா படிக்கப் போறே?" என்று கேட்காதீர்கள். "இந்தப் படத்தில் யாருடைய வேலை உன் கண்ணில் பட்டது?" என்று கேளுங்கள். நடிகர் நடிகை பெயர்களை மட்டும் சொன்னால் அவள் நல்ல ரசிகை. அதில் தப்பே இல்லை, ஆனால் அதற்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

'சிட்டிசன் கேன்' (1941) படத்தை அநேகமாகப் பார்த்திருப்பாள். அதில் தாய் மகனை வேறொருவர் பொறுப்பில் விட ஒப்புக்கொண்டு முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறாள். தகப்பன் நடுவில் நின்று ஆட்சேபிக்கிறான். தூரத்தில், ஜன்னலுக்கு வெளியே, பையன் விவரம் தெரியாமல் பனியில் விளையாடுகிறான். மூன்றும் ஒரே ஷாட்டில் துலக்கமாகத் தெரிகின்றன. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் வைட் லென்ஸ் போட்டு, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரைச் சுருக்கி, அதனால் குறையும் வெளிச்சத்தை விளக்குகளாலும், குறைந்த ஒளியிலும் பதியும் வேகமான ஃபிலிமாலும் ஈடுகட்டினார். இன்னொரு சங்கதி: கேமராவைத் தாழ வைத்தால் கூரை தெரியும். அதற்காக செட்டின் மேலே துணியை இழுத்துக் கட்டி, மைக்கை அதற்கு மேல் ஒளித்தார்கள். இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தன் பெயர் வரும் டைட்டில் கார்டிலேயே டோலண்டின் பெயரையும் போட்டார்.

இந்தக் காட்சியைப் பற்றி உங்கள் மகள் என்ன பேசுகிறாள் என்று கேளுங்கள். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்றால் ஒளிப்பதிவு. இங்கே ஏன் வெட்டவில்லை என்றால் எடிட்டிங். இந்தப் படத்தை எடுக்க ஸ்டுடியோ எப்படிச் சம்மதித்தது, 1934-லிருந்து கடுமையாக அமலான தணிக்கை நெறி என்ன சொன்னது என்று தோண்டினால், அவள் ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டிய ஆள்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ரயில் துரத்தல் படமான 'தி ஜெனரல்' (1926) காப்புரிமை முடிந்தது, இணையத்தில் இலவசம். அதில் ஏதாவது பத்து நிமிடத்தை எடுத்து, ஒவ்வொரு ஷாட்டையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: கேமரா எவ்வளவு தூரத்தில், ரயில் எந்தப் பக்கம் போகிறது, எந்த நொடியில் வெட்டு, ஏன். இரண்டாம் நாளே அலுத்துவிட்டால் அதுவும் நல்ல தகவல்தான். அலுக்கவில்லை என்றால், அக்காலத்து சினிமாப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியைக் காட்டுங்கள். அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் 1920-லிருந்து நடத்தும் இதழின் பழைய பிரதிகள் அங்கே கிடைக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை, பைசா செலவும் இல்லை.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். 'பழைய ஹாலிவுட் நிபுணர்' என்று யாரும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பதில்லை. இந்த அறிவு இன்னொரு தொழிலுக்குள் இருந்துகொண்டுதான் சம்பாதித்துக் கொடுக்கும். பலரும் யோசிக்காத ஒரு தொழில் படச் சீரமைப்பு, அதாவது சேதமான பழைய ஃபிலிம்களைச் சரிசெய்து காப்பது. 1950-களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும். 1937-ல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கிடங்கு எரிந்தபோது அந்த ஸ்டுடியோவின் மௌனப் படங்களில் பெரும்பகுதி போயிற்று. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வந்த ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியான வடிவத்திலேயே இன்று மிஞ்சியிருப்பவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்குச் சொன்னது. மிச்சத்தையாவது காப்பாற்ற ஆள் வேண்டும். நம் சென்னையிலேயே பிரசாத் நிறுவனம் பழைய படங்களை டிஜிட்டலாகச் சீரமைக்கிறது.

படிப்பு என்று வந்தால் முதலில் தரமணி அரசு திரைப்படக் கல்லூரி. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு, டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தைக் கணினியில் நிறம் திருத்தும் வேலை) என்று தனித்தனி நான்கு வருடப் பட்டப்படிப்புகள் உண்டு. இடங்கள் குறைவு, கட்டணமும் குறைவு. கிடைக்காவிட்டால் விஸ்காம், ஆங்கிலம், வரலாறு என எதில் பட்டம் வாங்கினாலும் சரி. அப்புறம் நுழைவுத் தேர்வு எழுதி புனே திரைப்படக் கல்லூரிக்குப் போகலாம். திரைப்பட ஆவணக் காப்பகமும் அதே ஊரில் இருப்பது கூடுதல் லாபம். தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் ஆறு மாத 'ஃபிலிம் மேக்கிங்' வகுப்புகளில் லட்சத்தைக் கட்டாதீர்கள்.

அமெரிக்கா பிறகு. சீரமைப்புதான் பிடித்திருக்கிறது என்று பட்டம் முடிந்தபின்னும் மகள் சொன்னால், ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் மியூசியம் 1996-லிருந்து நடத்தும் படப் பாதுகாப்புப் பள்ளி இருக்கிறது. அதற்கு உதவித்தொகை தேடுவோம். வெறுமனே 'ஃபிலிம் ஸ்டடீஸ்' என்று போட்ட முதுகலைக்குக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கலிபோர்னியாவில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன் 1935-ல் இங்கே வந்து, தமிழ் தெரியாமலேயே 'சதி லீலாவதி' (1936) முதல் 'மந்திரி குமாரி' (1950) வரை எடுத்தார். பாஷை தெரியாத ஊரில் அவருக்குக் கைகொடுத்தது தொழில்தான்.

பெண் பிள்ளையாயிற்றே என்று அவள் அம்மா தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். எம்ஜிஎம்மின் எடிட்டிங் துறையை 1930-களின் கடைசியிலிருந்து 1968 வரை மேற்பார்த்தவர் மார்கரெட் பூத். பெரிய பெரிய இயக்குநர்களின் படங்களும் அவர் பார்வைக்கு வந்துதான் வெளியே போயின. இதை அம்மாவிடம் மகளே சொல்லட்டும்.

பரீட்சை முடிந்ததும் மூவரும் வாருங்கள். அந்த ஷாட் நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்; தமிழில் எழுதியிருந்தாலே போதும். மதிப்பெண் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.