பெட்ரோல் டியூபில் ஃபில்டர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கேள்வி: என்னிடம் 2006 மாடல் 100 சிசி பைக் இருக்கிறது. பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. 50-ஐத் தாண்டி ஓட்டினால் திணறி நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடம் கழித்து உதைத்தால் மறுபடி கிளம்புகிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவியாயிற்று. ஒவ்வொரு தடவையும் உள்ளே துருப்பொடி. ‘டியூபில் ஒரு ஃபில்டர் போட்டால் தீர்ந்தது’ என்கிறார் மெக்கானிக். கடையில் 40 ரூபாய்க்கும் இருக்கிறது, 450 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வாங்க? நானே மாட்டலாமா? மகனின் புது வண்டிக்கும் ஒன்று போட்டுவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 40 ரூபாய் ஃபில்டரே போதும். நீங்களே மாட்டலாம், அரை மணி நேர வேலை. மகனின் வண்டியில் கை வைக்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். டேங்கின் அடியில் பெட்ரோல் டேப் இருக்கிறதே, அதற்கு மேல் டேங்குக்குள் நீட்டிக்கொண்டு ஒரு வலைக்குழாய் நிற்கும். கம்பெனி கொடுத்த ஃபில்டர் அதுதான். பல மாடல்களில் டேப்பின் அடியில் ஸ்பானர் போட்டுக் கழற்றும் சின்னக் கிண்ணம் ஒன்றும் உண்டு. துருவும் தண்ணீரும் அதில் தங்கும். இரண்டும் ஒழுங்காக இருந்தால் கார்புரேட்டர் வரைக்கும் இவ்வளவு துரு வராது. இவ்வளவு வருகிறது என்றால், வலை கிழிந்திருக்கலாம், அல்லது யாரோ அதைப் பிய்த்து எறிந்திருக்கலாம். வலை அடைத்துக்கொண்ட வண்டியைக் கொண்டுபோனால், டேங்கைக் கழுவுவதற்குப் பதில் வலையைப் பிடுங்கிவிட்டு ‘இனிமேல் தொந்தரவே இருக்காது’ என்று அனுப்பிவைக்கிற பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அன்றைக்கு வண்டி பறக்கும். அடுத்த மாதம் முதல் கார்புரேட்டர் கழுவும் செலவு தொடங்கும். நாலாவது தடவை போனால் ‘கார்புரேட்டரே போச்சு, புதுசு போடணும்’ என்பார்கள். உங்கள் வண்டி அந்தக் கட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே முதலில் பெட்ரோலை வடித்து, டேங்கை வண்டியிலிருந்து இறக்கி, டேப்பைக் கழற்றிப் பாருங்கள். வலை இல்லை அல்லது கிழிந்திருக்கிறது என்றால் புது டேப் வாங்கி, புது ரப்பர் வாஷரோடு மாட்டுங்கள். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் ஒரு வாரத்தில் கசியும். டேங்க் வெளியே இருக்கும்போதே உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, துருவைக் கழுவி, தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லாமல் காயவைத்துவிடுங்கள். டியூபில் போடும் ஃபில்டர் இரண்டாவது காவல்தான். டேங்க் துருப்பிடித்துக் கிடக்கும்வரை எந்த ஃபில்டரைப் போட்டாலும் அதுவும் நிறையத்தான் போகிறது.

இனி எதை வாங்குவது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாத பிளாஸ்டிக் ஃபில்டர்களை நம்பாதீர்கள். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே வெள்ளை நைலான் வலை. அதைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் மடிப்புக் காகிதம் வைத்தது வேண்டாம். உங்கள் வண்டியில் பெட்ரோலைத் தள்ள பம்ப் கிடையாது. டேங்க் கார்புரேட்டரைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, அந்த உயரம் தரும் அழுத்தத்தில்தான் பெட்ரோல் இறங்குகிறது. கணக்குப் பார்த்தால் 0.02 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடத் தேறாது. பம்ப் வைத்த காருக்குச் செய்த காகித ஃபில்டரை அங்கே போட்டால், புதிதாக இருக்கும்போதே இறக்கம் குறையும். கொஞ்சம் தண்ணீர் பட்டுக் காகிதம் ஊறிவிட்டால் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். 450 ரூபாய்க்கு விற்கிற பளபள அலுமினியமும் கண்ணாடிக் குழாய் வைத்ததும் பார்வைக்கு மட்டும்தான். கண்ணாடி ஃபில்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் வளையம் நாளடைவில் விறைத்துப்போனதும் கசியும்; அது சொட்டுகிற இடத்துக்குக் கீழே சூடான இன்ஜின் இருக்கிறது. ‘காந்தம் வைத்தது, மைலேஜ் கூடும்’ என்று எவராவது சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

அளவு முக்கியம். 100 சிசி வண்டிகளின் டியூப் உள்விட்டம் பெரும்பாலும் 5 முதல் 6 மி.மீ. கையோடு ஒரு துண்டு பழைய டியூபை எடுத்துப்போய் 6 மி.மீ. மூக்கு (டியூப் ஏறும் முனை) உள்ள ஃபில்டர் கேளுங்கள். ‘6 இல்லை, 8 இருக்கு, டியூபைக் கொஞ்சம் சூடு காட்டினா ஏறிடும்’ என்பார்கள். ஏறத்தான் செய்யும். ஏறிய இடத்தில் சில மாதத்தில் வெடிப்பு விடும். மொத்த நீளம் 6 செ.மீ.க்கு மேல் போகாமல் பாருங்கள், டேப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இடமே அவ்வளவுதான். கூடவே அரை மீட்டர் நைட்ரைல் ரப்பர் டியூப், நாலு கிளிப்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வண்டி வெளியில் நிற்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. டேப்பை மூடி, கார்புரேட்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கிண்ணத்துப் பெட்ரோலை வடியுங்கள். பழைய டியூபைப் பிடித்து இழுக்காமல் திருகித் திருகி எடுங்கள். இழுத்தால் மூக்கு வளையும். புது டியூபைக் கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டாமல் புது பிளேடால் நேராக வெட்டுங்கள். பிசிறு ரப்பர் ஒன்று உள்ளே விழுந்தால் அது ஃபில்டருக்குப் பிறகுள்ள பாதியிலிருந்து நேரே கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்துத் திறக்கும் நீடிலில் போய் உட்காரும், அப்புறம் பெட்ரோல் நிற்காமல் வழியும். பழைய டியூபின் நீளத்தில் ஃபில்டரின் நடு உடம்பு அளவுக்குக் கழித்துவிட்டு இரண்டு துண்டாக்குங்கள். ஃபில்டரின் மேல் உள்ள அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். டியூப் மூக்கில் ஒரு செ.மீ.க்கு மேல் ஏற வேண்டும், கிளிப் மூக்கின் மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும்.

ஃபில்டர் சாய்வாகவோ செங்குத்தாகவோ கீழ்நோக்கி நிற்கட்டும். டியூப் எந்த இடத்திலும் மேடேறி இறங்கக் கூடாது. மேட்டில் காற்று நின்றுவிட்டால் பெட்ரோல் வராது. சிலிண்டர் ஹெட்டில் உரசவும் கூடாது. டேப்பைத் திறந்ததும் ஃபில்டர் பாதிதான் நிறையும். பயப்பட ஒன்றுமில்லை, பம்ப் இல்லாத வண்டியில் அப்படித்தான் இருக்கும்.

இப்போது சோதனை. இதை யாரும் செய்வதில்லை, செய்தால் பாதிப் பஞ்சாயத்து தீரும். கார்புரேட்டர் முனையில் டியூபைக் கழற்றி, அளவு போட்ட பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைச் சரியாக ஒரு நிமிடம் திறந்துவையுங்கள். லிட்டருக்கு 60 கி.மீ. தருகிற வண்டி 60 கி.மீ. வேகத்தில் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 17 மி.லி. முழு ஆக்சிலரேட்டரில் அது மூன்று மடங்கானாலும் 50 மி.லி. ஆகவே 120 மி.லி.க்கு மேல் வந்தால் தாராளம். டேங்கில் பெட்ரோல் குறைய இறக்கமும் குறையும், அதனால் ரிசர்வ் நெருங்கும்போது ஒரு தடவை பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஒரு நிமிடம், மூடிவைத்து ஒரு நிமிடம் பாருங்கள். மூடினால் சொட்டுச் சொட்டாகக் குறைகிறது என்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. உங்கள் வண்டி பத்து நிமிடத்தில் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு குண்டூசியில் முடிகிற வேலை.

மகனின் வண்டி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கிற பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்‌ஷன். அவற்றில் கார்புரேட்டர் கிடையாது, டேங்குக்குள் மின்பம்ப் இருக்கிறது. டியூபில் ஓடுவது சுமார் 3 பார் அழுத்தம், கார் டயரில் இருப்பதைவிட அதிகம். சாவியை அணைத்த பின்னும் அந்த அழுத்தம் டியூபில் நிற்கும். அதை பிளேடால் வெட்டினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். வெட்டிய இடத்தில் 40 ரூபாய் பிளாஸ்டிக்கைச் செருகிச் சாதாரணக் கிளிப் போட்டால், என்றாவது ஒருநாள் ஓடும்போது பிடுங்கிக்கொள்ளும். பம்ப் விடாமல் பெட்ரோலை சூடான இன்ஜின் மேல் தெளிக்கும். மெட்டல் ஃபில்டர் போடலாமே, பெரிய கிளிப் போடலாமே என்று கேட்காதீர்கள். அந்த வண்டிக்குத் தேவையான ஃபில்டர் பம்போடு சேர்ந்து டேங்குக்குள் இருக்கிறது. அழுக்கு என்று சந்தேகம் வந்தால் பம்பைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. ‘எக்ஸ்ட்ரா சேஃப்டி’ என்று மாட்டித் தருகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஃபில்டரின் அடியில் கலங்கலாக ஒரு அடுக்கு தனியே நின்றால் அது தண்ணீர். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு வேறு எது வேண்டும் என்று கேட்க ஆளில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். நைலான் வலை தண்ணீரை நிறுத்தாது. டேப்பின் கிண்ணத்தையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். மறுபடி வந்தால் பெட்ரோல் பங்கை மாற்றுங்கள். பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, காசு கிடையாது. கேட்டுப் பாருங்கள், பேப்பர் தீர்ந்துபோயிருக்கும், மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார். அது கிடைத்தாலும் காட்டுவது கலப்படக் கறையைத்தான், தண்ணீரை அதில் கண்டுபிடிக்க முடியாது.

டேங்கைக் கழுவிய வண்டியானாலும் முதல் மாதம் முடிந்ததும் ஃபில்டரை மாற்றுங்கள், மிச்சத் துரு அதில்தான் சேரும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஊதிக் கழுவி மறுபடி போட வேண்டாம். பிளாஸ்டிக் மஞ்சளாகி, மூக்கு சேருமிடத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள்.