ஒரு காது கேட்காத பையனை கிரிக்கெட்டுக்கு அனுப்பலாமா?

உங்கள் கடிதம் கிடைத்தது அம்மா. எட்டாவது படிக்கும் மகனுக்குப் பிறவியிலிருந்தே இடது காது கேட்காது, ஆஃப் ஸ்பின் நன்றாகப் போடுகிறான், "இவனை ஏன் கிரவுண்டுக்கு அனுப்புறீங்க?" என்று சொந்தக்காரர்கள் துளைக்கிறார்கள். அகாடமியில் சேர்க்கும்போது காது விஷயத்தை மறைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் மறைக்கவே கூடாது.

ஒரு காதில் மட்டும் கேட்பவர்களுக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எளிதில் பிடிபடாது. உயரே போன கேட்சுக்கு இரண்டு பேர் ஓடும்போது, "என்னுது!" என்று கத்துவது யார், எங்கிருந்து என்று அவனுக்குச் சட்டென்று தெரியாது. மோதினால் பல், தாடை எதுவும் போகலாம். கோச்சுக்கு விவரம் தெரிந்தால் நல்ல காது மற்ற ஃபீல்டர்கள் பக்கம் இருக்கும்படி நிறுத்துவார். ரன் ஓடும்போது கையைக் காட்டிப் பேச மற்ற பையன்களையும் பழக்குவார்.

நம் சென்னை வாஷிங்டன் சுந்தருக்கும் ஒரு காதுதான் கேட்கும். ஃபீல்டிங்கில் தன்னோடு ஒத்துப்போக மற்றவர்கள் சிரமப்படுவதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இவருக்கு முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். பிறகு ஷர்துல் தாக்கூரோடு 123 ரன் கூட்டணி, அந்த இன்னிங்ஸில் இவர் எடுத்தது 62. உங்கள் மகனைப் போலவே ஆஃப் ஸ்பின்னர் என்பதால் இவர் பெயரைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

அவர்கள் பெரியவர்கள் என்றால் பழைய இந்திய ஸ்பின்னர் சந்திரசேகரைத் தெரிந்திருக்கும். மைசூர்க்காரர். சின்ன வயதில் போலியோ வந்து வலது கை சூம்பிவிட்டது. அந்தக் கையால்தான் லெக் ஸ்பின் போட்டார். ஃபீல்டிங்கில் பந்தை எறிந்தது இடது கையால். 1971-ல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்ததால்தான் இங்கிலாந்து மண்ணில் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றி கிடைத்தது. மொத்தம் 58 டெஸ்ட், 242 விக்கெட். பேட்டிங்கில் அடித்த ரன் அதைவிடக் குறைவு, 167தான்! எல்லாவற்றிலும் தேற வேண்டும் என்று பையனைப் போட்டு வாட்டாதீர்கள் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

இந்திய அணியின் பழைய கேப்டன் பட்டோடி 1961 ஜூலையில் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார். அதே டிசம்பரில் டெஸ்ட் ஆடினார். அடுத்த மாதம் இங்கே மெட்ராஸில் 103 அடித்தார்.

இனி சான்றிதழ் விஷயம். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீடு கிடைக்குமா என்று கேட்டீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கேட்புத்திறன் குறைபாடு என்றால் இரண்டு காதுகளிலும் இருக்க வேண்டும். இன்னொரு காது நன்றாகக் கேட்கும் பையனுக்கு அது கிடைப்பது கடினம். காது கேளாதோர் கிரிக்கெட்டிலும் இதே கதைதான், நல்ல காதின் அளவைத்தான் பார்ப்பார்கள். ஆகவே மற்ற பையன்களோடு போட்டி போட்டுத்தான் அவன் மேலே வர வேண்டும். விளையாட்டு ஒதுக்கீடும் ஆட்டத்தில் கிடைக்கும் சான்றிதழை வைத்துத்தான்.

படிப்பை விட வேண்டாம். மாநில அணிக்குள் நுழைவதே குதிரைக்கொம்பு. பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தால் பிசியோதெரபி படிக்கலாம். சென்னைப் பக்கம் மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் படிப்புகள் இருக்கின்றன. வகுப்பில் நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்காரச் சொல்லுங்கள்.

அகாடமிக்குப் போகும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்து, ஒரு நகலைக் கோச்சிடம் கொடுங்கள். இருக்கிற ஒரே காதை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள்: இயர்போனில் சத்தமாகப் பாட்டு கேட்க விடாதீர்கள், தீபாவளிக்கு அணுகுண்டு வெடிக்கும் இடத்தில் அவனை நிற்க விடாதீர்கள்.