கார் பைத்தியங்க ஹைக்கூ எழுதி விளையாடுறாங்களே, அது நிஜமாவே ஹைக்கூதானா?

ஹைக்கூன்னா ஜப்பான்ல பொறந்த குட்டிக் கவிதை, 5-7-5ன்னு மொத்தம் 17 ஒலி, பருவத்தைச் சொல்ற ஒரு வார்த்தை, நடுவுல சின்னதா ஒரு வெட்டு, அதாவது ஒரு நிறுத்தம், அவ்ளோதான். கார் பிரியர்கள் எழுதுறதுல பருவம் எங்க இருக்கு, ஆயில் லீக்கும் துருவும் காலையில ஸ்டார்ட் ஆகாத பேட்டரியும்தான் இருக்கும்! மனுஷனோட அசட்டுத்தனத்தைக் கிண்டல் பண்ற இந்த வகைக்கு ஜப்பான்லயே தனிப் பேரு உண்டு, சென்ரியு. 18ஆம் நூற்றாண்டுல எடோவுல, அதாவது இன்னைக்கு டோக்கியோ, அங்க இருந்த கராய் சென்ரியுங்கிற கவிஞர் பேர்லதான் அப்படிக் கூப்பிடுறாங்க.

நான் கிறுக்குனது ஒண்ணு (கேஸ்கட்னா இன்ஜின்ல ஆயில் கசியாம அடைக்கிற பட்டை):

புது கேஸ்கட் போட்டாச்சு
விடிஞ்சு பாத்தா
தரையில அதே கறை

ஏன் இவங்களுக்கு இது ஒட்டிக்குதுன்னா, பழைய கார் வச்சிருக்கவன் எந்நேரமும் சின்னச் சத்தம், லேசான கருகல் வாசனைன்னு கவனிச்சுட்டே கெடக்கான், ஹைக்கூ கேக்குறதும் அந்தக் கவனிப்பைத்தான். நம்ம ஊர் லாரி பின்னாடி எழுதுற வாசகம் மாதிரி வச்சுக்கோங்களேன், வண்டி திரும்புறதுக்குள்ள படிச்சுச் சிரிச்சு முடிச்சிரணும்.

பல பேரு 17ங்கிறது இங்கிலீஷ் அசைக் கணக்குன்னு நெனைக்கிறாங்க, அது ஜப்பானிய ஒலிக் கணக்கு: நிஸ்ஸான் ஸ்கைலைன்ங்கிற கார் பேர்ல வர்ற 'ஸ்கைலைன்' இங்கிலீஷ்ல 2 அசைதான், ஜப்பானியத்துல ஸு-க-இ-ர-இ-ன், மொத்தம் 6, முதல் வரிக்குள்ளயே அடங்காது.