எஸ்பிரெஸ்ஸோ மெஷின் வாங்கினா காபி செலவு நிஜமாவே குறையுமா?

கேள்வி: வணக்கம் மேடம். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம். ரெண்டு பேருக்கும் காபி இல்லாம நாள் ஓடாது, வேலை நாள்ல ஆளுக்கு ரெண்டு கப் வெளியதான் வாங்கிக் குடிக்கிறோம், காலைல போற வழியில ஒண்ணு, சாயந்திரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்களோட ஒண்ணு. எல்லாம் பால் விட்ட காபிதான். இப்ப அவர் ஒரு எஸ்பிரெஸ்ஸோ மெஷின் (தூள் வழியா சுடு தண்ணியை அழுத்தி கெட்டிக் காபி எடுக்கறது) பாத்து வெச்சிருக்கார், விலை நாங்க குடிக்கிற கடை காபி ஒரு 400 கப்புக்குச் சமம். மாசம் 88 கப் குடிக்கிறோம், அஞ்சு மாசத்துல போட்ட காசு வந்துடும், 12 மாச ஈஎம்ஐல வாங்கிடலாம்னு சொல்றார். எனக்கு கேப்ஸ்யூல் மெஷின் (ஒரு கப்புக்கான தூளை அடைச்ச சின்ன டப்பாவைப் போட்டு காபி எடுக்கறது) போதும்னு தோணுது, அது விலை 100 கப் அளவுதான். கார்டுல கொஞ்சம் பாக்கி இருக்கு, மாசாமாசம் மினிமம் கட்டிட்டு வர்றோம். எதை வாங்கறது?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க விலையை கடை காபி கப் கணக்குல எழுதினது ரொம்ப நல்ல பழக்கம், நானும் அதையே அளவுகோலா வெச்சு பதில் சொல்றேன், ஏன்னா காசா எழுதினா ஊருக்கு ஊர் மாறும், கப்பா எழுதினா படிக்கிற யார் வேணா அவங்க கணக்கைப் போட்டுப் பாத்துக்கலாம்.

உங்க வீட்டுக்காரர் போட்ட அஞ்சு மாசக் கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. மாசம் 22 வேலை நாள், நாளைக்கு 4 கப், 88 கப், சரி. ஆனா மெஷின் வீட்ல இருக்கு, சாயந்திரக் காபி ஆபீஸ்ல இருக்கு. கூட வேலை பாக்கறவங்களோட எந்திரிச்சுப் போய் பத்து நிமிஷம் பேசிட்டு வர்ற காபி அது, வீட்ல எவ்ளோ நல்ல மெஷின் இருந்தாலும் அது நிக்காது, நிக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன். அப்ப உண்மையா நிக்கப் போறது காலைல வாங்கற கப் மட்டும்தான், மாசத்துக்கு 44. வீட்ல எத்தனை கப் போடறீங்கங்கறதுல மிச்சம் வர்றதில்ல, வெளிய எத்தனை கப் வாங்காம இருக்கீங்கங்கறதுல மட்டும்தான் மிச்சம் வருது. இந்த ஒரு விஷயத்தை பிடிச்சுக்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் தானா தெளிவாயிடும்.

அடுத்தது, வீட்டுக் காபி இலவசம் இல்ல. எஸ்பிரெஸ்ஸோ டபுள் ஷாட்டுக்கு (ஒரு கப்புக்கு இறக்கற ரெண்டு பங்கு டிகாஷன்) சுமார் 18 கிராம் கொட்டை அரைக்கணும், அப்ப ஒரு கிலோல 55 கப்தான் வரும், அதுலயும் புதுப் பாக்கெட் பிரிச்சா அரவை செட் ஆகறதுக்குள்ள ரெண்டு மூணு ஷாட் சிங்க்ல ஊத்த வேண்டி வரும். பால், கரண்ட் எல்லாம் சேத்து வீட்டுக் கப் ஒண்ணு கடை கப்ல கால்வாசி ஆகுதுன்னு இப்போதைக்கு வெச்சுக்கறேன் (நீங்க வாங்கற கொட்டை விலையை வெச்சு இதை மாத்திக்கோங்க). அப்ப ஒவ்வொரு கப்புக்கும் முக்கால் கப் மிச்சம், 44 கப்புக்கு 33. இன்னொண்ணு, மெஷின் வந்துட்டா சனி ஞாயிறும் சும்மா இருக்க மாட்டீங்க, ஆளுக்கு ரெண்டு கப்னு 8 நாளைக்கு 32 கப் புதுசா சேரும், அந்தச் செலவு 8 கப். சந்தோஷமா குடிங்க, ஆனா கணக்குல எழுதிடுங்க. ஆக மாசத்துக்கு நிகர மிச்சம் 25 கப்.

இப்ப மெஷின் பக்கம் வருவோம். 400 கப் விலைன்னு சொன்னது மெஷின் மட்டும். கிரைண்டர் எங்க? எஸ்பிரெஸ்ஸோல கிரைண்டர்தான் பாதி மெஷின், இதை நான் அனுபவப்பட்டுச் சொல்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி நானே பெட்டியில 15 பார்னு (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு) பெருசா போட்டிருந்த ஒரு மெஷினை வாங்கிட்டு வந்து, கடைல அரைச்சு வெச்ச தூளைப் போட்டு, ரெண்டு மாசம் புளிச்ச தண்ணியா குடிச்சேன், அந்த ரெண்டு மாசமும் வெளிய காபி வாங்கறது நிக்கவே இல்ல, அதாவது மெஷின் காசும் போச்சு கடைக் காசும் போச்சு. அப்புறம் ஒரு நல்ல பர் கிரைண்டர் (ரெண்டு பல் சக்கரத்துக்கு நடுவுல கொட்டையை ஒரே அளவா நசுக்கி அரைக்கறது) வாங்கினதும் அதே மெஷின்ல அருமையா வந்துச்சு. 15 பார்ங்கறது உள்ள இருக்கற பம்பால அதிகபட்சம் எவ்ளோ அழுத்தம் குடுக்க முடியும்ங்கற கணக்கு, காபித் தூள் மேல வேண்டியது சுமார் 9 பார்தான், அதனால 15, 20னு போட்டிருக்கறதைப் பாத்து கூட காசு குடுக்காதீங்க. 18 கிராம் தூள் போட்டா 25லேருந்து 30 செகண்டுல 36 கிராம் மாதிரி காபி இறங்கணும், அந்த வேகத்தை முடிவு பண்றது அரவைதான். பிளேடு வெச்ச மிக்ஸி மாதிரி கிரைண்டர்ல ஒரே அளவா அரைக்கவே முடியாது, ஒரு பக்கம் மாவு ஒரு பக்கம் கல்லு. விலை கம்மியான மெஷின்ல இதைச் சமாளிக்கத்தான் பிரஷரைஸ்டு பேஸ்கெட்னு ஒண்ணு வரும் (பேஸ்கெட்னா தூள் போடற சல்லடைக் கிண்ணம்), அடியில ஒரே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், எந்தத் தூளைப் போட்டாலும் மேல நுரை மாதிரி வரும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ருசி வேற.

அதனால எலக்ட்ரிக் கிரைண்டருக்கு 200 கப், தராசு, டாம்பர் (தூளை அமுக்கற கட்டை), பால் ஜக், உப்பு நீக்கற பவுடர்னு ஒரு 50 கப், மொத்தம் 650 ஆயிடுது. 650ஐ 25ஆல வகுத்தா 26 மாசம். அஞ்சு மாசம் இல்லம்மா, ரெண்டு வருஷத்துக்கும் மேல. அதுக்காக வாங்கவே கூடாதுன்னு இல்ல, ஆனா "மிச்சம் பிடிக்க வாங்கறோம்"னு சொல்லி வாங்கக் கூடாது, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு, அதுக்கு செலவு பண்றோம்"னு சொல்லி வாங்கலாம், ரெண்டுக்கும் வேற வேற பர்ஸ்.

உங்க கேப்ஸ்யூல் யோசனை. வாங்கும்போது விலை கம்மி, அழுக்கு ஆகாது, ஒரு நிமிஷத்துல காபி, காலைல அவசரத்துக்கு அதை விட சுலபம் கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கேப்ஸ்யூல்ல 5லேருந்து 6 கிராம் தூள்தான் இருக்கும். பத்து கேப்ஸ்யூல் பெட்டி விலையை 18ஆல பெருக்குங்க, அதுதான் நீங்க ஒரு கிலோ காபிக்குக் குடுக்கற விலை, அதை நல்ல கொட்டை ஒரு கிலோ விலையோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. கேப்ஸ்யூலும் பாலும் சேத்து கடை கப்ல பாதி விலை ஆகுதுன்னு வெச்சா, 44 கப்ல மிச்சம் 22, சனி ஞாயிறு 32 கப்புக்குச் செலவு 16, கையில நிக்கறது மாசம் 6 கப். 100 கப் மெஷின் காசு வர 17 மாசம். பெரிய மக்ல ஸ்ட்ராங்கா வேணும்னு ரெண்டு கேப்ஸ்யூல் போட ஆரம்பிச்சீங்கன்னா (பால் காபி குடிக்கறவங்க நிறைய பேர் போடுவாங்க) மிச்சம் போய் கைக்காசு போகும். விலை கம்மியான மெஷின், விலை கூடுன காபி, வியாபாரமே அப்படித்தான் அமைஞ்சிருக்கு. கேப்ஸ்யூல்தான்னு முடிவு பண்ணினா ஒண்ணு மட்டும் பாருங்க, வேற கம்பெனி கேப்ஸ்யூலும் அதுல பொருந்துமா? நெஸ்பிரெஸ்ஸோ 1986ல கொண்டு வந்த அந்த ஒரிஜினல் அளவுக்கு இப்ப பல கம்பெனி கேப்ஸ்யூல் போடறாங்க, சில மாடல்ல ஒரே கம்பெனிகிட்டதான் மாட்டிக்கணும், நாளைக்கு அவங்க விலை ஏத்தினா நீங்க கட்டித்தான் ஆகணும்.

கொட்டையைப் போட்டு பட்டனைத் தட்டினா அரைச்சு காபி ஊத்தித் தர்ற ஃபுல் ஆட்டோமேட்டிக் மெஷின் பத்தி நீங்க கேக்கல, சுருக்கமா, ஒரு நாளைக்கு ஆறு எட்டு கப் போடற வீட்டுக்கு சரி, உங்களுக்கு அதிகம், ரிப்பேர் வந்தா செலவு பெருசு.

இப்ப நான் சொல்ற வழி. மோக்கா பாட் (அடுப்புல வெச்சா ஆவி அழுத்தத்துல டிகாஷன் மேல ஏறற பாத்திரம்) ஒண்ணும், நல்ல கை கிரைண்டர் ஒண்ணும் வாங்குங்க. மோக்கா பாட் இத்தாலில 1933ல பியாலெட்டி கம்பெனி கொண்டு வந்தது, இன்னிக்கு வரைக்கும் அடிப்படை டிசைன் அதேதான், உள்ள கரண்டும் இல்ல சர்க்யூட்டும் இல்ல, தேயறது ஒரு ரப்பர் வளையமும் ஒரு சல்லடையும், ரெண்டையும் சொற்பக் காசுல நீங்களே மாத்திக்கலாம். காசு விஷயத்துல இதை விட நல்ல பொருள் காபில நான் பாத்ததில்ல. பாட் 20 கப், கிரைண்டர் 80 கப்னு வெச்சா மொத்தம் 100. கொட்டைச் செலவு ஏறத்தாழ அதே அளவு, அதனால மாச மிச்சமும் அதே 25, நாலே மாசத்துல போட்ட காசு திரும்பிடும். இது எஸ்பிரெஸ்ஸோ இல்லங்கறதையும் சொல்லிடணும், இதுல அழுத்தம் 1, 2 பார் அளவுதான், எஸ்பிரெஸ்ஸோ மேல நிக்குமே 'கிரீமா'ங்கற கெட்டி நுரை, அது வராது. வெறும் எஸ்பிரெஸ்ஸோ குடிக்கறவங்களுக்கு வித்தியாசம் முதல் வாய்லயே தெரியும். ஆனா நீங்க ரெண்டு பேரும் பால் காபி, அதுல அடர்த்தியா இறங்கின மோக்கா டிகாஷன் நல்லாவே நிக்கும், பாலைச் சூடு பண்ணி பிரெஞ்ச் பிரஸ்ல (சல்லடை வெச்ச தண்டு இருக்கற காபி ஜக்) பத்து தடவை குத்தினா நுரையும் கிடைச்சுடும். கழுவறது சுலபமா இருக்கணும்னா ஏரோபிரஸ் (சிரிஞ்ச் மாதிரி கையால அழுத்தி காபி எடுக்கற குழாய்) பாருங்க, 2005ல வந்தது, ஆலன் அட்லர்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது, பிளாஸ்டிக்தான், கீழ விழுந்தாலும் உடையறது கஷ்டம், ஆனா ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்குத்தான் வரும், ரெண்டு பேர் கிளம்பற அவசரத்துல அது தொந்தரவு.

கை கிரைண்டர் வாங்கும்போதே எஸ்பிரெஸ்ஸோ அளவுக்கு நைசா அரைக்கறதா, அரவை அளவை மாத்தத் திருகுற படி நெருக்கமா இருக்கறதா பாத்து வாங்குங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

ஈஎம்ஐ வேண்டாம். வட்டி இல்லாத ஈஎம்ஐன்னு சொன்னாலும், மொத்தமா குடுத்தா கிடைக்கற தள்ளுபடி போச்சுன்னா அதுதான் வட்டி, கூட பிராசஸிங் கட்டணம்னு ஒண்ணு இருக்கான்னு கேளுங்க. அதை விட முக்கியம் உங்க கார்டு பாக்கி. மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா மீதிக்கு வட்டி ஓடிட்டே இருக்கும், சாதாரணமா வாங்கற கடன்லயே கார்டு வட்டிதான் மேல நிக்கும், அந்தக் கார்டுலயே இன்னொரு 400 கப் ஏத்தறது எந்தக் கணக்குலயும் சரியா வராது. உங்க கடிதத்துல நான் கவலைப்பட்ட ஒரே வரி அதுதான்மா. முதல் வேலையா அதை முழுசா அடைங்க, காபி மிச்சம் 25 கப்பையும் அதுலயே போடுங்க.

பாக்கி முடிஞ்சதும் அதே 25 கப்பை மாசாமாசம் தனிக் கணக்குல போட்டுட்டு வாங்க. கிரைண்டர் கையில இருக்கு, அப்ப மெஷினும் சில்லறைச் சாமானும் சேத்து 450 கப் போதும், 18 மாசத்துல சேந்துடும். இப்பவே வாங்கினா ஆகற செலவுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லயேன்னு உங்க வீட்டுக்காரர் கேப்பார், கரெக்ட்தான், வித்தியாசம் வட்டியும் எலக்ட்ரிக் கிரைண்டருக்குப் பதிலா கை கிரைண்டர் வாங்கற அந்த வித்தியாசமும்தான். ஆனா மூணாவது மாசம் காலைல அரைச்சு, போட்டு, கழுவற பொறுமை நமக்கு இல்லன்னு தெரிஞ்சா, இந்த வழியில மாட்டினது 100 கப், அந்த வழியில 650. அந்தப் பொறுமை இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் நான் மோக்கா பாட் சொல்றது. ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க, காலைல வீட்ல குடிச்சீங்களா, குடிச்ச பிறகும் வெளிய வாங்கினீங்களா, அவ்ளோதான்.

மெஷின் வாங்கற நாள் வரும்போது அவருக்கு ரெண்டு விஷயம் சொல்லி வைங்க. ஒண்ணு, தூள் போட்டு மாட்டற ஹேண்டிலோட அளவு 58 மில்லிமீட்டர் இருக்கற மாடல்னா பேஸ்கெட், ரப்பர் கேஸ்கெட் எல்லாம் பல கம்பெனில கிடைக்கும். 1961ல ஃபேமாங்கற இத்தாலி கம்பெனி கொண்டு வந்த ஈ61 தலை (ஹேண்டிலை மாட்டற, சுடு தண்ணி இறங்கற பகுதி) இன்னும் நிறைய மெஷின்ல வருது, பார்ட்ஸ் தேடி அலைய வேண்டாம், விக்கும்போதும் விலை நிக்கும், ஆனா அது நல்லா சூடேற அரை மணி நேரம் ஆகும், அவசரக் காலைக்கு ஆகாது. வேலை நாள் காபிக்குத்தான் வாங்கறீங்கன்னா ஒரு நிமிஷத்துல சூடாகற தெர்மோபிளாக் (தண்ணி ஓடும்போதே சூடாக்கறது) மாடலே போதும். ரெண்டு, உங்க வீட்டுத் தண்ணி உப்புத் தண்ணியான்னு முன்னாடியே பாத்துடுங்க, கெட்டிலோட அடியில வெள்ளையா படிஞ்சா அதேதான் மெஷின் உள்ளயும் படியும், உப்பு அடைச்சு வந்த பழுதை பல வாரண்டில சேக்க மாட்டாங்க, அதனால வாரண்டி தாள்ல அந்த வரியைப் படிச்சுட்டு பணம் கட்டச் சொல்லுங்க.